இரண்டாவது பொட்டலம்

வேற்றுக் கோள்களில் உயிர்கள் இருக்கின்றனவா என்று யாராவது என்னிடம் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுவேன். இந்த வயதில் நான் வெளிப்படையாகத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற விஷயங்கள் குறைவு. வருமான வரி, மருத்துவம், பிறர் வீட்டுப் பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றிலும் எனக்குக் கருத்து உண்டு. இது ஒன்றில் மட்டும் அடக்கம். கைப்பேசியோ சும்மா இருப்பதில்லை. ஏதோ ஒரு கோளில் நீராவி தெரிந்தது என்கிறது. இன்னொன்றில் உயிர்கள் வெளிவிடுகிற வாயுபோல ஒன்று தென்பட்டது என்கிறது. கொஞ்ச நாள் கழித்து, அது வெறும் பாறை விடும் வாயுவாகவும் இருக்கலாம் என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.

கல்லூரியில் இயற்பியல் படிக்கும் என் மகனுக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. "இவ்ளோ பெரிய பிரபஞ்சத்துல நாம மட்டுமா இருப்போம்? லாஜிக்கே இல்லையேம்மா" என்கிறான். இருக்கலாம் என்கிறேன். "அப்ப வேற யாரும் இல்லைங்கிறியா?" அதுவும் இருக்கலாம் என்கிறேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி எழுந்து போய்விடுகிறான்.

அவனுடைய பாதி வயதில், இதே கேள்விக்கு மைக்கின் முன்னால் நின்று "உண்டு, உண்டு, உண்டு" என்று கை தூக்கி முழங்கியவள் நான். அதுவும் ஆதாரத்தோடு.

எங்கள் ஊர் எருத்தேன்பதிக்குப் பக்கத்தில், கேரள எல்லைக்குள், தமிழ்நாட்டை ஒட்டி இருக்கிறது. ரேஷன் கார்டு மலையாளத்திலும் கல்யாணப் பத்திரிகை தமிழிலும் இருக்கும். மழை எங்களுக்கு மேற்கே கொட்டிவிட்டு, எங்கள் தலைக்கு மேலே சும்மா கடந்து போகும். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு உண்டு. அந்தப் பிரிவின் நிரந்தரப் பேச்சாளர் நான். மைக்கைக் கண்டால் கால் தானாக அந்தப் பக்கம் நடக்கும். அந்த வருடம் எங்கள் பக்கத்துச் சித்தூரில் நடக்கவிருந்த பள்ளிக் கலைவிழாவான கலோல்சவத்தில், தமிழ்ப் பேச்சுக்குக் கொடுத்திருந்த தலைப்பு 'பிற கோள்களில் உயிர்கள் உண்டா?' என்பது.

அதுவரை நான் பேசி வென்ற தலைப்புகள் நல்லவை. மரம் வளர்ப்போம் என்றால் வளர்ப்போம் என்று பேசலாம். வளர்க்கலாமா என்று தெரியவில்லை என யாரும் பேச வேண்டியதில்லை. இந்தத் தலைப்பு கேள்வியாக வந்து நின்றது. அறிவியல் வாத்தியாரான மாஷிடம் போனேன். அவர் மலையாளி. தமிழ்ப் பிரிவுக்கு வந்தபின் தமிழ் கற்றுக்கொண்டவர். கற்றது முடியும் முன்பே பேசத் தொடங்கிவிட்டவர்.

"உண்டுன்னும் சொல்லண்டா, இல்லன்னும் சொல்லண்டா" என்றார். "நமக்கு அறியில்லன்னு சொல்லு. அதாக்கும் சயன்ஸ்."

தெரியாது என்று சொல்ல ஐந்து நிமிடம் எதற்கு, சோப்பு டப்பாவும் சான்றிதழும் அதற்கு யார் கொடுப்பார்கள் என்பதுதான் என் கவலை. "எப்ப மாஷ் தெரியும்?" என்று கேட்டேன். தெளிவு கிட்டணும் என்றார். தெளிவு என்றால் அவர் மொழியில் ஆதாரம். "ஒரு தடவ கிட்டுனா போரா. ரெண்டாமதும் நோக்கணும். ரெண்டாமதும் அதே கிட்டுனா அப்பச் சொல்லலாம்." அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பத்திரமாக மூளையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அப்போது கல்யாண வேலை. சித்தப்பாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. நான் மாட்டுக்கொட்டகையில் எருமைகளைச் சபையாக வைத்துப் பேசிப் பழகுவேன். "அவையோரே" என்று நான் கூப்பிட்டதும் அவை தலையைத் திருப்பும். பிற்காலத்தில் எனக்குக் கிடைத்த சபைகளில் பல அவ்வளவு மரியாதைகூடக் காட்டியதில்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டே கேட்பாள்.

"மெல்லப் பேசு கண்ணு. நீ கத்தற கத்துக்கு அங்க ஆளிருந்தா இந்நேரம் என்னன்னு கேட்டுட்டு வந்திருப்பாங்க" என்பாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை, சித்தப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவள் கணவர், என் மாமா, போர்வெல் லாரியில் வேலை பார்த்தவர். வடக்கே போய் ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துவிட்டு, பொங்கலுக்குத் திரும்பி வருவார்கள். ஒரு பொங்கலுக்கு லாரி வந்தது, மாமா வரவில்லை. வடக்கே ஏதோ ஒரு ஊரில் காய்ச்சல் என்று படுத்திருந்தவர், கடைவீதிக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனாராம். தேடியிருக்கிறார்கள். பிறகு, அடுத்த ஊரில் வேலை ஒப்புக்கொண்டதால் லாரி நகர்ந்துவிட்டது. அப்பாவும் பெரியப்பாவும் ரயிலேறிப் போய்ப் பார்த்து, மொழி தெரியாமல் ஒரு புகைப்படத்தை நீட்டி நீட்டி அலைந்து திரும்பினார்கள். ஆள் கேரளம், லாரி தமிழ்நாடு, தொலைந்தது மூன்றாவது இடம் என்பதால், எந்த ஸ்டேஷனில் கேட்டாலும் இன்னொரு ஸ்டேஷனைக் கை காட்டினார்கள்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் ஓடிவிட்டன. செத்தார் என்றும் சேதியில்லை, இருக்கிறார் என்றும் சேதியில்லை. அத்தை தாலியும் குங்குமமுமாகத்தான் இருந்தாள். ஆனால் விசேஷ வீடுகளில், வரிசையாகக் குங்குமத் தட்டை நீட்டிக்கொண்டு வருகிற கை, அத்தையின் முன்னால் வரும்போது மட்டும் ஒரு கணம் யோசிக்கும். அந்தக் கணத்தை அத்தை எப்போதும் பார்த்துவிடுவாள். தட்டு வருவதற்குள் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவதுபோல உள்ளே போய்விடுவாள்.

இந்த நிலையில்தான் பெண் வீட்டார் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவனுடன் பிறந்தவள் உட்கார வேண்டும். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கையிலும் மறு தலைப்பு அவள் கையிலும் இருக்கும். வேறொருத்தி வீட்டுக்குள் வந்தாலும் பிறந்தவளுக்கு இங்கே உள்ள பங்கு போகாது என்பதற்கான சீர் அது. அந்தச் சீருக்கு உட்காருகிறவள் புருஷனோடு வாழ்கிறவளாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பெரியவர்களின் கட்டு. சித்தப்பாவுக்கு அத்தை ஒருத்திதான் அக்கா.

"ஏனுங், இணைச்சீருக்கு யாருங் உக்கார்றாங்க?" என்று பெண்ணின் தாய்மாமன் காப்பி குடித்துக்கொண்டே கேட்டார். பெரியப்பா அவசரமாக அவருக்கு இன்னொரு டம்ளர் காப்பி சொன்னார்.

அவர்கள் போனபின் பெரியப்பா கூட்டம் கூட்டினார். வீட்டுக்கு மூத்தவர், கெட்டவர் இல்லை. எந்தத் தப்பும் தன் தலையில் விழக்கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு வாழ்க்கை இலட்சியம். "தாலி களுத்துல இருக்குது, ஆளக் காணோம். நாளைக்குச் சின்னவனுக்கு ஒரு தலவலி வந்தாலும், சீருக்கு உக்காந்தவளாலதான்னு பேசுவாங்க. பங்காளி ஊட்டுப் புள்ளையில ஒண்ணக் கூப்புட்டு உக்கார வெச்சுட்டாப் போச்சு" என்றார்.

"எங்கக்கா உக்காரலீன்னா எனக்குக் கண்ணாலமே வேண்டாம்" என்றார் சித்தப்பா. அவர் சாதாரணமாக எதையும் கேலியில்லாமல் பேசாதவர். அன்றைக்குக் கேலி இல்லை. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அத்தை. "என்னைத் தூக்குனப்ப அவ களுத்துல தாலி இருக்குதான்னு பாத்தீங்களா?"

"அவ புருசன் ஊட்டுக்காரங்க முன்னயே சொன்னாங்கல்லொ. வைக்கல்ல ஒரு பொம்மையக் கட்டி, சாங்கியத்தப் பண்ணிப்போட்டா முடிஞ்சுதுன்னு" என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

"இருக்கற மனுசனுக்குக் கொள்ளி வெக்கச் சொல்றீங்களா?"

"இருக்கறான்னு நீ கண்டயா?"

"இல்லைன்னு நீங்க கண்டீங்களா?"

எங்கள் அப்பா இருவர் பேசும்போதும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியாகப் பேசியவர் சொல்வதே சரி என்று நினைக்கும் சுபாவம் அவருக்கு. அம்மாதான் கதவோரம் நின்று, "நங்கையாள யாராவுது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

நங்கையாள் என்று அம்மா சொன்னது தன் நாத்தனாரான அத்தையை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மடியில் இருந்த கடலைத்தொலியைத் தட்டிவிட்டாள். "எனக்குத் தெரிஞ்சாத்தானுங்களே அண்ணா சொல்றது" என்றாள்.

கடைசியில் மாரியம்மன் கோயிலில் பூக்கேட்பது என்று முடிவாயிற்று. செவ்வரளியை ஒரு பொட்டலத்திலும் வெள்ளரளியை ஒரு பொட்டலத்திலும் வைத்து, வாழைச்சருகில் ஒன்றுபோலக் கட்டி, அம்மன் முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தையைவிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் மாமா இருக்கிறார், அத்தை சீருக்கு உட்காரலாம். வெள்ளை வந்தால் இல்லை. குழந்தையாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். விவரம் தெரியாதவள் என்று எங்கள் வீடு என்னைப்பற்றி ஒருமனதாக முடிவு செய்த சந்தர்ப்பம் அது ஒன்றல்ல என்றாலும், கோயில்வரைக்கும் போனது அதுதான்.

அதுவரை அத்தை எந்தக் குறியும் கேட்கப் போனதில்லை. மற்றவர்கள் போய்க் கேட்டு வந்து, கிழக்கே இருக்கிறார், தண்ணீர்ப் பக்கம் இருக்கிறார் என்று சொல்வார்கள். அவள் காதில் வாங்காமல் வேலையைப் பார்ப்பாள். இந்த முறை சரி என்றாள். தம்பியின் கல்யாணம் தன்னால் நிற்கக்கூடாது என்பதற்காகச் சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் என் தலைக்கு அவளே தண்ணீர் ஊற்றி, சீவிவிட்டாள். சீப்பு வழக்கத்தைவிட மெதுவாக இறங்கியது. எதை எடுக்கட்டும் அத்தை என்று கேட்டேன்.

"நெனச்சு எடுக்காத கண்ணு. கைக்கு வாறத எடு" என்றாள்.

பூப்பறிக்க சித்தப்பா விடிந்ததும் சைக்கிளில் முன்னாலேயே போய்விட்டிருந்தார். கல்யாண மாப்பிள்ளை பூக்கூடை தூக்குவதாவது என்று அம்மா தடுத்துப் பார்த்தாள். "பூசாரிக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. நானே பறிச்சுக் கட்டிக் குடுத்தர்றேன்" என்று போனவர், நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வேர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

எடுத்தேன். பூசாரி நாரை அவிழ்த்தார். சிவப்பு.

பெண்கள் குலவையிட்டார்கள். பெரியப்பா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பொறுப்பு இனி அம்மன் தலையில். அப்பா கண்ணைத் துடைத்தார். அத்தை அழவில்லை. அவள் முகத்தில் வந்ததை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மாமா இருந்த காலத்தில் பார்த்திருப்பேன், நினைவில்லை. தட்டிலிருந்த குங்குமத்தை அவளே எடுத்து, எனக்கு வைத்தாள், அம்மாவுக்கு வைத்தாள், நின்றிருந்த பெண்கள் எல்லாருக்கும் வைத்தாள். யாருடைய தட்டுக்கும் காத்திருக்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். "வரட்டும். மாத்தர வாங்கறக்குப் போனீங்களா, மாத்தரக் கம்பெனி வெக்கறக்குப் போனீங்களான்னு கேக்கறேன். அந்த ஊருத் தண்ணி ஒத்துக்காது அவுருக்கு. ஆளு பாதியாத்தான் இருப்பாரு." அம்மா சிரித்தாள். வாய்க்கால் மேட்டில் அத்தை எல்லாருக்கும் முன்னால் நடந்தாள்.

ஒரு விஷயம் யாருக்கும் தெரியாது. மற்றப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அம்மன் வாய் திறந்தபின் எதிர்த்தரப்பையும் விசாரிப்பது மரியாதைக் குறைவு. ஆனால் எனக்கு மாஷ் சொன்னது மண்டையில் குடைந்துகொண்டிருந்தது. ஒரு தடவை கிடைத்தால் போதாது, இரண்டாவதும் பார்க்க வேண்டும். குலவைச் சத்தத்தில் பூசாரி திரும்பியிருந்தபோது அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பாவாடைச் செருகலில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கொட்டகைக்குப் பின்னால் போய், எருமைகள் சாட்சியாகப் பிரித்தேன்.

அதற்குள்ளும் சிவப்பு.

விஞ்ஞானிகளுக்கு அந்த மாதிரிக் கணம் ஆயுளில் ஒருமுறை வாய்க்கும் என்கிறார்கள். எனக்குப் பத்து வயதிலேயே வாய்த்துவிட்டது. முதல் சோதனையிலும் மாமா இருக்கிறார், இரண்டாவது சோதனையிலும் இருக்கிறார். இதற்குமேல் என்ன தெளிவு வேண்டும்? ஓடினேன்.

அத்தை அடுப்படியில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். பருப்புப் பாயசம், மாமாவுக்குப் பிடித்தது. அம்மா தேங்காய் துருவ வெளியே போயிருந்தாள்.

"அத்தெ! இதுலயும் செவப்பு! ரெண்டுலயும் இருக்காரு அத்தெ!"

அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். "எதுலடா கண்ணு?"

"கோயில்ல ரெண்டு பொட்டலம் வெச்சாங்கல்லொ. நான் எடுக்காததுங்க. பாருங்க."

அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். பார்த்தாள். பூவை விரலால் கிளறி, சருகின் அடிவரைக்கும் பார்த்தாள். பாயசம் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவளுக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. நான்தான் கரண்டியை எடுத்துக் கிண்டினேன்.

"பூ எவுரு பறிச்சது?" என்றாள்.

"சித்தப்பா. அவருதான் பொட்டலமும் கட்டுனாரு."

வெளியே சித்தப்பா பந்தல்காரரோடு சத்தம் போட்டுக் கேலி பேசிக்கொண்டிருந்தார். சன்னல் வழியாக அத்தை அவரைப் பார்த்தாள். வெகு நேரம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு பூவைச் சருகில் வைத்து, முன்பிருந்த மாதிரியே மடித்து, நார் சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்ததை அடுப்புக்குள் போட்டாள்.

"இத யாருட்டயும் சொல்லப்படாது கண்ணு. உன்ற சித்தப்பங்கிட்ட முக்கியமாச் சொல்லப்படாது."

"ஏனுங்க? சந்தோசப்படுவாரு."

"சொல்லப்படாது" என்றாள். பிறகு பாயசத்தை இறக்கி, முதல் டம்ளரைச் சித்தப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, அடிப்பிடித்த பாயசம் போடுகிறவள் சீருக்கு உட்காரலாமா என்று அண்ணனிடம் கேட்கப்போவதாகச் சொன்னார். அத்தை அவர் தலையில் ஒரு கொட்டு வைத்தாள்.

அடுத்த வாரம் சித்தூரில் பேசினேன். ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் மாமாவைப்பற்றிச் சொல்லவில்லை. பெயர் தெரியாத விஞ்ஞானிகள் சிலர் ஒருமுறைக்கு இருமுறை சோதித்து உறுதி செய்துவிட்டதாகச் சொன்னேன். நடுவர்கள் ஆதாரம் கேட்கும் வகையினர் இல்லை. இரண்டாம் பரிசு கிடைத்தது. திரும்பும் பஸ்ஸில் மாஷ் என் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கும்போது மட்டும், "எடீ, எந்தா இது? அறியில்லன்னல்லே நான் படிப்பிச்சது?" என்றார். அவரிடமும் சொல்ல முடியவில்லையே என்று பரிதாபப்பட்டேன். பாவம், அவருக்கு இன்னும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது.

எந்தக் கேள்விக்கும் ஆமாம் என்று மட்டுமே சொல்லும்படி செய்து வைத்த கருவி எதையும் சொல்வதில்லை என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. அதைக் கணக்குப் பாடத்தில் புரிந்துகொண்டுவிடலாம். இன்னொன்று இருக்கிறது, அதற்குப் பாடம் கிடையாது. வெள்ளைதான் வந்துவிடும் என்று உள்ளுக்குள் நினைக்கிறவன்தான் வெள்ளையை எடுத்துவிட்டு இரண்டிலும் சிவப்பை வைத்துக் கட்டுவான். மாமா இருக்கிறார் என்று கூட்டத்தில் சண்டைபோட்ட ஒரே மனிதர் சித்தப்பா. அவரே அதை நம்பவில்லை என்று அந்தப் பொட்டலம் சொன்னது. எனக்கு அது சொன்னது வேறு. அத்தைக்கு அடுப்படியில் நின்ற இடத்திலேயே கேட்டுவிட்டது. கோயிலிலிருந்து வீடு வந்து, பாயசம் கொதிக்கும் வரைக்கும் அவளுக்கு ஒரு புருஷன் உயிரோடு இருந்தார்.

கல்யாணம் நடந்தது. அத்தை இணைச்சீருக்கு உட்கார்ந்தாள். அரக்குச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம். கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவளும் மறு தலைப்பைச் சித்தப்பாவும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மனே உத்தரவு கொடுத்துவிட்டதால் ஒருவர் முகத்திலும் யோசனை இல்லை. தட்டு நீட்டிய கைகள் நேராக நீண்டன. சித்தப்பா அவள் காதில் ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். அன்றைக்கு எடுத்த படத்தில் அந்தச் சிரிப்பு இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் நல்ல படம் என்பார்கள்.

ஒறம்பரையாக வந்த விருந்தாளிகள் எல்லாம் கிளம்பிப்போய், பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த அன்று அத்தை வாசலுக்கு வந்தாள். பெரியப்பாவும் அப்பாவும் பாத்திரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அவுங்க ஊட்டுக்கு ஆளனுப்புங்க. அவுருக்குச் சாங்கியத்தப் பண்ணிப்போடலாம்" என்றாள்.

பெரியப்பா கையிலிருந்த அண்டாவைக் கீழே வைத்தார். "என்ன சொல்ற நீயி? ஆத்தாளே செவப்புக் குடுத்திருக்கறா. இப்பப் போயி அவ வாக்க மீறுனா குடும்பத்துக்கு ஆகுமா?"

"ஆத்தாளுக்கு நாஞ் சொல்லிக்கறேனுங்."

"இருக்கற மனுசனுக்குப் போயி..." என்று அப்பா தொடங்கினார். அன்றைக்கு எல்லாரும் கட்சி மாறி இருந்தார்கள். வைக்கோல் பொம்மை என்று சொன்ன பெரியப்பா இருக்கிறார் என்று வாதாடினார். எதற்கும் தலையாட்டும் அப்பா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அம்மா அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சண்டைபோட வேண்டிய ஆள் சித்தப்பா. நான் அவரைத்தான் நம்பியிருந்தேன். அவர் அவிழ்த்த வாழைமரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி அக்காவைப் பார்த்தார். அக்காவும் அவரைப் பார்த்தாள். அவர் மரத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

மாமாவைப்பற்றி இன்றுவரைக்கும் ஒரு தகவலும் கிடையாது. எங்கேயாவது ஒரு ஊரில் கிழவராக உட்கார்ந்து தண்ணீர் சரியில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருக்கிறாரா, அந்தக் காய்ச்சலே அவரைக் கொண்டுபோய்விட்டதா, எதுவும் தெரியாது. அந்தத் தெரியாததற்குள் உட்கார்ந்துகொண்டே அத்தை ஒரு முடிவுக்கு வந்தாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை. யார் தடுத்தும் நிற்கவில்லை.

எனக்கு மகா கோபம். இருக்கிற மாமாவை இல்லை என்கிறார்களே, அதுவும் முழு விவரமும் தெரிந்த ஒரே ஆள் சொல்கிறாளே என்று. அத்தை தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். இணைச்சீருக்குக் கட்டிய அரக்குச் சேலையைக் கட்டிலில் விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப நீவினாள்.

"அத்தெ, மறந்துட்டீங்களா? ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு வந்துச்சுங்கல்லொ."

"மறக்கல கண்ணு."

"அப்பறம் ஏனுங்க?"

அவள் சேலையை என் கையில் ஒரு முனை கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். உதறி, ஒன்றாக மடித்தோம். என் பக்கம் வந்து அந்த முனையை வாங்கிக்கொண்டபோதுதான் பதில் சொன்னாள்.

"அதனாலதாங் கண்ணு."

ஒன்றைவிட இரண்டு பெரிது என்பதுகூடத் தெரியவில்லையே, பாவம், அத்தைக்குக் கணக்கு வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போனேன்.